மாமா, இனிக் காணும்

கலியாண வீடுகளில பாருக்குப் பின்னால நிண்டு வேலை செய்தவைக்குத் தெரியும், ஒரு மாமா கிளாஸை நீட்டேக்க அதோட சேத்து ஒரு உறவையும் நீட்டுவார். "தம்பி, உம்மட கொப்பரும் நானும் ஒண்டாப் படிச்சனாங்கள், கொஞ்சம் கையைச் சரிச்சு ஊத்தும்" எண்டுவார். கேக்கச் சின்ன விசயம். ஆனா அந்த நேரம் என்ர கையில இருக்கிறது ஒன்றரை அவுன்ஸ் அளக்கிற குவளை, லைனில முப்பது பேர் நிக்கினம், மேடையில பொம்பிளை மாப்பிளை கேக் வெட்டினம், டீஜே காது கிழியிற மாதிரிப் பாட்டுப் போடுறார், இதுக்குள்ள இவருக்கு ஊத்துறது எத்தினையாவது எண்டு ஞாபகம் வச்சிருக்கவும் வேணும், இவற்ற கதை மாறிட்டுதோ எண்டு பாக்கவும் வேணும், மரியாதை குறையாமல் பதில் சொல்லவும் வேணும்.

நான் 2005-ல இருந்து இந்த வேலை செய்யிறன். கிழமை நாளில வேற வேலை, சனி ஞாயிறில கனடாவில ரொறன்ரோவுக்குப் பக்கத்தில ஸ்காபரோ, மார்க்கம் ஹோல்களில பார். இப்ப ஏழெட்டு வருசமா புதுசா வாற பெடியங்கள் பெட்டையளுக்குப் பழக்கிறதும் என்ர தலையில தான். அதைப் பற்றித் தான் எழுதப் போறன், ஏனெண்டா எங்கட ஆக்களுக்குள்ள இதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. குடிக்கிறது கூடாது எண்டு கதைக்கிறவை இருக்கினம், குடிச்சா என்ன எண்டு கதைக்கிறவையும் இருக்கினம், ஊத்திக் குடுக்கிற கை என்ன செய்யவேணும் எண்டு கதைக்க ஆளில்லை.

நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில லைசென்ஸ் உள்ள இடத்தில மதுபானம் பரிமாறுறவை ஸ்மார்ட் சேர்வ் எண்ட கோர்ஸ் செய்து கார்ட் வச்சிருக்க வேணும். 1995-ல தொடங்கின திட்டம் அது. முந்தி ஒருக்கா எடுத்தா சாகும் வரைக்கும் செல்லும், 2022 ஜூலை 1-ல இருந்து 5 வருசத்துக்கு ஒருக்காத் திரும்பச் செய்யவேணும் எண்டு மாத்திப்போட்டினம். நல்ல வேலை செய்தவை. நான் 2005-ல படிச்சது எனக்கே பாதி மறந்து போய்க் கிடந்தது. இப்ப வீட்டில இருந்து கம்ப்யூட்டரிலயே படிச்சு சோதினை எடுக்கலாம், 80 வீதம் எடுத்தாப் பாஸ். இங்க 19 வயசு ஆனா தான் குடிக்கலாம், ஆனா 18 வயசிலயே பரிமாறலாம். அதால என்னட்டைப் பழக வாற பிள்ளையளில கனபேர் தாங்கள் பரிமாறுற சாமானை வாயில வைக்கச் சட்டப்படி அனுமதி இல்லாத பிள்ளையள். அந்தப் பிள்ளை தான் ஐம்பத்தைஞ்சு வயசு மாமாவுக்கு "இனிக் காணும்" எண்டு சொல்லவேணும். யோசிச்சுப் பாருங்கோ.

முதல் நாள் நான் புத்தகம் திறக்கிறேல்லை. ஒரு விஸ்கிப் போத்தலுக்குள்ள தேத்தண்ணிச் சாயம் விட்டு வச்சிருப்பன், அகலக் கிளாஸ் ஒண்டில ஐஸ் போட்டுக் குடுத்து, "கண் மட்டத்தில ஒரு பெக் ஊத்து பாப்பம்" எண்டுவன். ஊத்துவினம். பிறகு அதை அளவுக் குவளையில திருப்பி ஊத்திப் பாக்கச் சொல்லுவன். 43 மில்லிலீற்றர் வரவேண்டிய இடத்தில 60, 70, ஒருக்கா ஒரு பெடியன் 85 ஊத்தினவன், அவனுக்கே முகம் மாறிப் போச்சு. ஐஸுக்கு இடையில அது ஒளிஞ்சு நிக்கும், அகலக் கிளாஸ் எண்டா இன்னும் மோசம், அடியில கொஞ்சம் கிடக்கிற மாதிரித் தான் தெரியும். 85 எண்டா அது ரெண்டு ட்ரிங்க். குடிச்சவர் "நான் மூண்டு தான் எடுத்தனான்" எண்டு நெஞ்சில கை வச்சுச் சொல்லுவார், பொய் சொல்லேல்லை அவர், அவருக்கு உள்ள போனது ஆறு.

இந்தக் கணக்கு விளங்காமல் மிச்சம் ஒண்டும் விளங்காது. கனடாவில ஒரு ஸ்டாண்டர்ட் ட்ரிங்க் எண்டா 5 வீத பியர் 341 மில்லிலீற்றர், 12 வீத வைன் 142 மில்லிலீற்றர், 40 வீத விஸ்கி 43 மில்லிலீற்றர். மூண்டையும் பெருக்கிப் பாருங்கோ, மூண்டுக்குள்ளயும் இருக்கிற தனி அற்ககோல் கிட்டத்தட்ட 17 மில்லிலீற்றர் தான். "நான் பியர் தானே" எண்டு சொல்லுறவைக்கு இதை நான் பேப்பரில எழுதிக் காட்டியிருக்கிறன். அதிலயும் எங்கட ஆக்கள் விரும்பி எடுக்கிற 8 வீத ஸ்ட்ரோங் பியர் 473 மில்லிலீற்றர் டின் எண்டா ஒரு டின்னுக்குள்ள ரெண்டு ட்ரிங்குக்கு மேல இருக்கு. 750 மில்லிலீற்றர் விஸ்கிப் போத்தல் ஒண்டில 17 ட்ரிங்க். நாலு பேர் இருந்து ஒரு போத்தலை முடிச்சா ஆளுக்கு நாலுக்கு மேல, அதுவும் ஒருத்தரும் கூடக் குடிக்காட்டித் தான்.

சரி, குடிச்சது எப்ப இறங்கும்? கோப்பி குடு, தேசிக்காய் பிழிஞ்சு குடு, முகத்தில பச்சைத்தண்ணி அடி, சத்தி எடுக்க வை, வெறி முறியும் எண்டு எங்கட ஊரில சொல்லித் தந்த எல்லாம் ஆளை முழிக்க வைக்கும், அவ்வளவு தான். இரத்தத்தில ஏறினது ஈரல் தன்ர வேகத்தில எரிக்க எரிக்கத் தான் குறையும், பொதுவா 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு மணித்தியாலத்தில 15 மில்லிகிராம் கணக்கில. இங்க 100 மில்லிலீற்றர் இரத்தத்தில 80 மில்லிகிராம் இருந்து வாகனம் ஓடினாக் குற்றவியல் வழக்கு. 50-ல இருந்து 79-க்குள்ள இருந்தா ஒன்ராறியோவில முதல் தரமே கொஞ்ச நாளைக்கு லைசென்ஸைப் பறிப்பினம். 21 வயசும் அதுக்குக் கீழயும், புதுசா ஓடுறவைக்குக் குடுக்கிற ஜி1 ஜி2 லைசென்ஸ் வச்சிருக்கிறவைக்கும் பூச்சியம், ஒரு சொட்டும் கூடாது. இப்ப கணக்குப் பாருங்கோ, ஒருத்தர் இரவு 1 மணிக்கு 150-ல நிக்கிறார், ஊபரில ஒழுங்கா வீட்டை போய்ப் படுக்கிறார், காலமை 7 மணிக்கு எழும்பிக் குளிச்சு வேலைக்குக் கார் எடுக்கிறார். ஆறு மணித்தியாலத்தில 90 தான் இறங்கியிருக்கும். மிச்சம் 60. றோட்டில பொலிஸ் மறிச்சா மாட்டினார். 2018 டிசெம்பருக்குப் பிறகு சந்தேகம் இல்லாமலே ஊதச் சொல்லலாம் எண்டு சட்டம் வந்திட்டுது. "இரவு தானே குடிச்சனான்" எண்டு சொல்லி என்ன செய்ய.

இதெல்லாம் எனக்கும் தெரிஞ்சிருந்தது. கார்டும் பொக்கற்றில இருந்தது. அப்பிடி இருந்தும் 2009 பெப்ரவரியில ஒரு இரவு என்ர கையால நடந்ததைச் சொல்லத்தான் வேணும், இவ்வளவு நாளும் எழுதாமல் வச்சிருந்தனான்.

ஒரு பிறந்தநாள் விழா, பெரிய ஹோல், ரெண்டு பார். வந்தவர் எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள், நான் அண்ணை எண்டு கூப்பிடுற ஆள். என்ர பாரில அவருக்கு நாலு குடுத்தனான், நாலுக்கும் கணக்கு வச்சிருந்தனான், நாலு மணித்தியாலத்தில நாலு, சாப்பாடும் வந்திட்டுது, பிரச்சினை இல்லை எண்டு நினைச்சனான். அவர் நடுவில நடுவில மற்ற பாருக்கும் போனது எனக்குத் தெரியாது. அங்க நிண்ட பெடியனுக்கு நான் குடுத்தது தெரியாது. அதுக்குள்ள ஒருத்தர் என்னட்டை வந்து "ரெண்டு தாரும், மற்றது மச்சானுக்கு" எண்டு வாங்கிக்கொண்டு போனவர். அந்த மச்சான் இவர் தான். கடைசியா அவர் விடைபெற வரேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரே கதையை ரெண்டு தரம் சொன்னவர், தன்ர மேள் பியானோ பழகுறா எண்டு. ரெண்டாந்தரம் சொல்லேக்க எனக்குள்ள ஏதோ இடிச்சது. கேக்க வாய் வரேல்லை. "போட்டு வாங்கோ அண்ணை" எண்டு அனுப்பினனான்.

ஹோல் பார்க்கிங்கால வெளிய இறங்கி ரெண்டாவது லைற்றில கார் வழுக்கி லைட் போஸ்டில அடிச்சது. அவருக்கு நெத்தியில வெட்டு. மனுசிக்கு ஒண்டுமில்லை. பின்னுக்கு இருந்த மேளுக்கு, அந்தப் பியானோ பழகின பிள்ளைக்கு, வலது கை மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. அம்புலன்ஸ் லைற் ஹோல் கண்ணாடியில சிவப்பாப் பட்டுப் பட்டுப் போனதைப் பாத்துக்கொண்டு நான் கிளாஸ் கழுவிக்கொண்டு நிண்டனான், ஆர் எண்டு தெரியாமலே.

என்னில ஒருத்தரும் பிழை சொல்லேல்லை. அந்த அண்ணையே "உமக்கும் இதுக்கும் என்ன" எண்டு தான் சொன்னவர். ஆனா அந்த நாலு எண்ட கணக்கு எனக்கு இண்டைக்கும் செமிக்கேல்லை. ஒழுங்கா எண்ணின நானும், ஒழுங்கா எண்ணின மற்றப் பெடியனும் சேந்து ஒரு ஆளுக்கு எட்டு ஒன்பது குடுத்திருக்கிறம். இதுக்குப் பிறகு தான் எனக்கு உறைச்சது, எண்ணிக்கை ஒரு ஆளின்ர தலைக்குள்ள இருந்தா அது எண்ணிக்கையே இல்லை. இப்ப நான் நிக்கிற ஹோலில ரெண்டு பாருக்கும் இடையில ஒரு பெடியன் ஐஸ் கொண்டு திரிவான், ஐஸோட கதையும் கொண்டு திரிவான், "நீலச் சேட், மூண்டாம் மேசை, மஞ்சள்" எண்டு. ஒரு கையில ரெண்டு கிளாஸ் கேக்கிறவரிட்டை "மச்சான் எங்க, அவரையே வரச் சொல்லுங்கோ, நானும் சுகம் விசாரிக்க" எண்டு சொல்லப் பழக்கியிருக்கிறன்.

மஞ்சள் எண்டு சொன்னது கோர்ஸில வாற விசயம், சிக்னல் லைற் மாதிரிப் பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு ஆளைப் பாக்கிறது. பச்சை எண்டா ஆள் தன்ர பாட்டில இருக்கிறார். சிவப்பு எண்டா ஆருக்கும் தெரியும், அதுக்குப் படிப்புத் தேவையில்லை, தள்ளாடுறவரைக் குழந்தைப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். எங்கட வேலை முழுக்க மஞ்சளில. குரல் ஒரு கட்டை கூடும். சொன்ன கதை திரும்ப வரும். தெரியாத ஆளின்ர தோளில கை விழும். குடிக்கிற வேகம் மாறும், முதல் ரெண்டையும் உறிஞ்சினவர் மூண்டாவதை மடக்கெண்டு விடுவார். அமைதியான ஆள் கதைக்கத் தொடங்குவார், கதைகாரன் சத்தமில்லாமல் இருப்பார். அதால தான் ஆள் வந்தவுடன, முதல் கிளாஸ் குடுக்கேக்கயே ரெண்டு வார்த்தை கதைக்கச் சொல்லுவன். குடிக்க முதல் அவர் எப்பிடி இருந்தவர் எண்டு தெரிஞ்சா தானே மாறினது தெரியும்.

பிறகு "இல்லை" சொல்லுற பாடம். ஒன்ராறியோச் சட்டம் நேரடியானது, வெறியில இருக்கிற ஆளுக்கோ வெறியில இருக்கிற மாதிரித் தெரியிற ஆளுக்கோ குடுக்கக் கூடாது. கோர்ஸில அதை வடிவாச் சொல்லித் தருவினம், ஆனா அதை எங்கட பாசையில எங்கட மாமாவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு ஒரு கோர்ஸும் சொல்லித் தராது. இதை நான் நடிச்சுத் தான் பழக்கிறன். வியாழக்கிழமை பின்னேரம் வெறும் ஹோலில நான் மாமா, பிள்ளை பாரில. "என்ன பிள்ளை, என்னை ஆரெண்டு தெரியுமோ? இந்தக் கலியாணத்துக்கு நான் எவ்வளவு குடுத்தனான் தெரியுமோ? கொம்மாவைக் கூப்பிடு" எண்டு நான் குரலை உயத்துவன். முதல் தரம் எல்லாப் பிள்ளையளும் விறைச்சுப் போய் நிக்கும். அந்த விறைப்பு வியாழக்கிழமை வரட்டும், சனிக்கிழமை வரக் கூடாது.

"உங்களுக்கு வெறி" எண்ட சொல்லை வாயால எடுக்கவே கூடாது. அதைச் சொன்ன உடன கதை சாராயத்தை விட்டிட்டு மானத்துக்குப் போயிடும், மானத்துக்குப் போனா அந்த மனுசன் தோக்க மாட்டார். கூட்டாளிமார் சுத்தி நிக்கேக்கயும் சொல்லக் கூடாது. பாரை விட்டு வெளிய வந்து, பக்கத்தில போய், குரலைக் குறைச்சு, "மாமா, இனிக் காணும், சாப்பிட்டிட்டு வாங்கோ, நான் பிளேட் போட்டுத் தாறன்." இனிக் காணும் எண்ட எங்கட சொல்லில ஒரு நல்ல குணம் இருக்கு. பந்தியில சோறு கூடப் போட வரேக்க நாங்கள் கையை இலைக்கு மேல பிடிச்சுக்கொண்டு சொல்லுற சொல் அது. அதில அவமானம் இல்லை. ஆனா ஒருக்காச் சொன்னாச் சொன்னது தான், பத்து நிமிசத்தால மனம் இளகிக் குடுத்தா அந்தப் பிள்ளையின்ர சொல்லுக்கு அந்த ஹோலில பிறகு மரியாதை இல்லை.

சில பேர் ஒரு குறுக்கு வழி செய்வினம், ஆளுக்குத் தெரியாமல் சோடாவைக் கூட விட்டுச் சொட்டுப் போலக் குடுக்கிறது. எனக்கு அது பிடிக்காது. அவரை ஏமாத்துறம், குடுக்கக் கூடாத ஆளுக்குக் குடுத்தும் போட்டம், அவர் தான் இன்னும் குடிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டே நினைச்சுக்கொண்டிருப்பார். நேரா நிண்டு சொல்லவேணும்.

தகப்பன்மாரின்ர கதை இன்னொண்டு. பதினேழு வயசுப் பெடியனைத் தோளில கை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து "நான் தகப்பன், நானே சொல்லுறன், ஒரு பியர் குடும்" எண்டுவினம். வீட்டுக்குள்ள தாய் தகப்பன் தங்கட பிள்ளைக்குக் குடுக்கிறதுக்கு இந்த மாகாணச் சட்டத்தில இடம் இருக்கு. லைசென்ஸ் உள்ள ஹோலில தகப்பன் சொன்னாலும் ஏலாது, பூட்டன் சொன்னாலும் ஏலாது. அதை ஒரு வசனத்தில சொல்லிப்போட்டு அடுத்த ஆளைப் பாக்கவேணும்.

மனுசிமார் வருவினம். இதைப் பற்றி எந்தக் கோர்ஸிலயும் எனக்குச் சொல்லித் தரேல்லை. பார் ஓரத்தில வந்து, சோடா கேக்கிற மாதிரி நிண்டு, என்ர முகத்தைப் பாக்காமல், "தம்பி, அவருக்கு இனிக் குடுக்காதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போவினம். அந்தச் சொல்லைப் போல நம்பிக்கையான அளவு கருவி வேற இல்லை, எத்தினையாவதில இந்த மனுசன் மாறுவார் எண்டு இருபது வருசமா எண்ணிக்கொண்டு இருக்கிறவா அவா. பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இது தான், அவா சொன்னா நிப்பாட்டு, ஆனா அவா சொன்னவா எண்டு அந்த மனுசனுக்குச் சாகும் வரைக்கும் சொல்லாத. சொன்னா அந்தக் கோவம் ஹோலில முடியாது, காரில போய் வீட்டுக்குள்ள இறங்கும். "இது எங்கட ஹோல் விதி மாமா, நான் தான் நிப்பாட்டினனான்" எண்டு பழியை நீ எடு. எங்களுக்குச் சம்பளம் தாறது அதுக்கும் சேத்துத் தான்.

நிப்பாட்டினாப் போதுமோ எண்டா, போதாது. 1968 ஜனவரியில நயாகரா பக்கம் ஒரு ஹோட்டலில நல்லாக் குடிச்ச வாடிக்கையாளர் ஒருத்தரைப் பிரச்சினை குடுக்கிறார் எண்டு இரவில வெளிய அனுப்பிப் போட்டினம். அவர் எப்பிடிப்பட்டவர், எப்பிடி வீட்டை போவார் எண்டு அங்க வேலை செய்தவைக்குத் தெரியும். கூடப் பொறுப்பான ஆள் இல்லாட்டி அவருக்கு ஊத்திக் குடுக்காதேங்கோ எண்டு அந்த ஹோட்டலிலயே முந்திச் சொல்லி வச்சிருந்தவை. அவர் இருட்டில நெடுஞ்சாலையால நடந்து போகேக்க கார் அடிச்சது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1973-ல தீர்ப்பு வந்தது, ஹோட்டலுக்கும் பொறுப்பு இருக்கு, மூண்டில ஒரு பங்கு ஹோட்டல், ஒரு பங்கு கார் ஓடினவர், ஒரு பங்கு குடிச்சவர் எண்டு. கனடாவில ஊத்திக் குடுக்கிற இடங்களின்ர பொறுப்பு எண்ட கதை முழுக்க அந்தத் தீர்ப்பில இருந்து தான் வளந்தது. நான் பிள்ளையளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுவன், ஏனெண்டா எங்கட ஹோல்களிலயும் "வெளிய கொண்டுபோய் விடு, சனியன் போகட்டும்" எண்டு சொல்லுற பழக்கம் இருக்கு. மைனஸ் இருவதில கோட்டும் இல்லாமல் வெளிய விட்ட ஆள் எங்க போவார்? ஒண்டில் காருக்குள்ள ஏறுவார், இல்லாட்டி ஸ்நோவுக்குள்ள இருப்பார். ரெண்டும் சாவு.

வீடுகளில நடக்கிற பார்ட்டி, கராஜுக்குள்ள கதிரை போட்டு இருக்கிறது, அது வேற. அங்க கார்டும் இல்லை, அளவுக் குவளையும் இல்லை. 2006-ல உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில, வீட்டில விருந்து வச்சவைக்குப் பொதுவா அந்தப் பொறுப்பு இல்லை எண்டு சொன்னது. புத்தாண்டு இரவு விருந்தில இருந்து போனவர் ஓடின கார் மோதி, ஒரு இளம் பெட்டைக்கு இடுப்புக்குக் கீழ ஏலாமல் போன வழக்கு அது. இதைக் கேட்டிட்டு "அப்ப வீட்டில எண்டாப் பிரச்சினை இல்லை" எண்டு ஒருத்தர் எனக்குச் சொன்னவர். அந்தத் தீர்ப்பிலயே, வெறியில நிக்கிறார், கார் ஓடப் போறார் எண்டு தெரிஞ்சும் ஊத்திக் குடுத்துக்கொண்டிருந்தா அது வேற கதையா இருக்கலாம் எண்டு கதவைத் திறந்து தான் விட்டிருக்கினம். சட்டத்தை விடுங்கோ. 2015 செப்டெம்பரில வோன் பக்கம் குடிச்சுப்போட்டு ஓடின ஒருத்தன்ர கார் மோதி மூண்டு பிள்ளையளும் அவையின்ர தாத்தாவும் செத்ததை இந்த ஊரில ஆரும் மறக்கேல்லை. அவன் மியாமியில கலியாணத்துக்கு முந்தின கொண்டாட்டம் முடிச்சு விமானத்தால வந்து இறங்கிக் காரில ஏறினவன். கூட வந்தவை இருந்திருப்பினம் தானே, திறப்பைத் தா எண்டு கேக்க ஒரு ஆள் வாய் திறந்திருந்தா எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான்.

எங்கட பிரச்சினைக்கு ஒரு வரலாறும் இருக்கு எண்டு நினைக்கிறன். யாழ்ப்பாணத்தில கலியாண வீட்டில முன்பந்தலில சாராயம் வராது. பின்வளவில, பனைக்குக் கீழ, நாலைஞ்சு பேர் ஒளிச்சு நிண்டு எடுப்பினம், பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டை போவினம். கூடிப்போனா வேலியில விழுவினம். இங்க வந்து பார் ஹோலின்ர முன்வாசலுக்கு வந்திட்டுது, சைக்கிள் 401 நெடுஞ்சாலையில நூறில ஓடுற வானா மாறிட்டுது. ஊத்துற கையும், "கொஞ்சம் கூட விடும்" எண்ட உரிமையும் மட்டும் அப்பிடியே வந்திட்டுது.

அதால நான் இப்ப ஹோல் புக் பண்ண வாற குடும்பத்தோடயே கதைக்கத் தொடங்கியிருக்கிறன், கலியாணத்துக்கு ரெண்டு மாதம் முந்தி. அவையும் பழகவேண்டிய ஆக்கள் தானே. எங்கட விழாக்களில பார் ஆறரைக்குத் திறக்கும், பொம்பிளை மாப்பிளை எட்டரைக்கு வருவினம், பேச்சு, டான்ஸ், கேக் எல்லாம் முடிஞ்சு சாப்பாடு பத்தரைக்கு. நாலு மணித்தியாலம் வெறும் வயித்தில. வயித்தில சாப்பாடு இருந்தா அற்ககோல் ஆறுதலாத் தான் இரத்தத்தில ஏறும், வெறும் வயித்தில எண்டாக் கெதியா ஏறி உச்சிக்கு அடிக்கும். அதால நான் முதல் கேக்கிறது, ரோல்ஸும் கட்லட்டும் பாருக்குப் பக்கத்தில வைப்பமோ, பாரையும் ஷோர்ட் ஈட்ஸையும் ஒரே நேரத்தில திறப்பமோ எண்டு. அடுத்தது, உங்கட குடும்பத்தில அண்டைக்குக் குடிக்காமல் நிக்கக்கூடிய, பெரியாக்கள் சொல்லுக் கேக்கிற ஒரு ஆள் ஆர், அவற்ற பேரை எனக்குத் தாங்கோ. எனக்கு ஒரு மாமாவோட பிரச்சினை எண்டா நான் மாப்பிளையைக் கூப்பிடமாட்டன், அந்த ஆளைத் தான் கூப்பிடுவன். பிறகு வான். ஆயிரக்கணக்கில பூவுக்குக் குடுக்கிறம், இரவு பன்ரெண்டுக்கும் ஒண்டரைக்கும் ரெண்டு வான் ஒழுங்குபடுத்தினா என்ன குறைஞ்சு போம்?

எல்லாரும் ஒத்துக்கொள்ளுறேல்லை. "ஒழுங்காக் குடிக்கக் குடுக்கேல்லை எண்டு சனம் கதைக்கும்" எண்டு ஒரு தகப்பன் எனக்கு நேராச் சொன்னவர். அந்தப் பயம் எனக்கு விளங்குது. விருந்தாளியின்ர கிளாஸ் வெறுமையா இருக்கக் கூடாது எண்டு வளந்த ஆக்கள் நாங்கள். ஆனா அதே மனுசன் தன்ர வீட்டுக்கு வந்தவர் ஒரு கீறல் இல்லாமல் வீடு போய்ச் சேரவேணும் எண்டும் நினைக்கிறவர் தானே, அதுவும் உபசரிப்பு தானே எண்டு தான் நான் கதைச்சுப் பாக்கிறனான்.

போன மாசி மாதம் ஒரு ரிசெப்ஷன். வெளிய மைனஸ் பதினெட்டு. ரெண்டாவது பாரில நான் பழக்கின பிள்ளை, பதினெட்டு வயசு, அவாக்கு அது மூண்டாவது விழா. பதினொரு மணி போல ஒருத்தர் கிளாஸை நீட்டிக்கொண்டு நிக்கிறதை நான் மற்றப் பக்கத்தில இருந்து கண்டனான். குரல் கூடினது கேட்டது. போவமோ விடுவமோ எண்டு ஒரு கணம் யோசிச்சு, போகாமல் நிண்டனான். அவா பாரைச் சுத்தி வெளிய வந்து, அவருக்குப் பக்கத்தில நிண்டு ஏதோ சொன்னவா. அவர் தலையை ஆட்டினவர், இல்லை எண்ட மாதிரி. அவா திரும்பவும் சொன்னவா. பிறகு ரெண்டு பேரும் சாப்பாட்டு லைனுக்குப் போச்சினம், அவா பிளேட்டைத் தூக்கிக் குடுத்தவா. பிறகு கேட்டனான், என்ன சொன்னனீர் எண்டு. "நீங்கள் இனிக் குடிச்சா எனக்கு வீட்டை போய் நித்திரை வராது மாமா எண்டு சொன்னனான்" எண்டவா. நான் பழக்கின வசனம் அதில்லை.

ஒரு மணிக்கு அவற்ற திறப்பு எங்கட லாச்சிக்குள்ள, பேர் எழுதின கடிதஉறைக்குள்ள. அவரும் மனுசியும் வானில போட்டினம். ரெண்டு மணிக்குப் பார் மூடி, ரெண்டே முக்காலுக்குள்ள மேசையில ஒரு கிளாஸ் இல்லாமல் எடுத்து, நாங்கள் வெளிக்கிட மூண்டு தாண்டிட்டுது.

அடுத்த நாள் மத்தியானம் அவர் கார் எடுக்க வந்தவர். இரவு பெய்த ஸ்நோவில கார் மூடுபட்டுக் கிடந்தது. நான் கணக்கு முடிக்க ஹோலுக்கு வந்திருந்தனான், திறப்பைக் குடுத்திட்டு, ஒரு பிரஷையும் எடுத்துக்கொண்டு கூடப் போனனான். அவர் ஒரு பக்கக் கண்ணாடி, நான் ஒரு பக்கக் கண்ணாடி. இரவைப் பற்றி அவரும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. எல்லாம் சுரண்டி முடிச்சுக் கையைத் தட்டிக்கொண்டு, தன்ர மேளுக்கு ஆடியில விழா, திகதி இருக்குமோ எண்டு கேட்டவர். பாத்துச் சொல்லுறன் எண்டனான். கதவைத் திறந்து ஏறப் போனவர் நிண்டு, "பாரைச் சாப்பாட்டோட சேத்துத் திறக்கலாம் எண்டு அந்தப் பிள்ளை சொன்னவா, அப்பிடிச் செய்யலாமோ?" எண்டு கேட்டவர்.